புகைபோக்கியின் குறுக்கே ஓர் ஒளிக்கற்றை

கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலையில் நெல் அவிக்கும் நேரம், கொதிகலனுக்குப் புதிதாக உமி தள்ளியதும் புகைபோக்கியிலிருந்து கறுப்பாக எழும் புகை சற்று நேரத்தில் வெளுத்துவிடும். வெளுத்தால் சுத்தம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கண்ணுக்குப் படுவது கரித்துகளும் சாம்பலும் நீராவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகளுமே. காபனோரொட்சைட்டுக்கும் கந்தகவீரொட்சைட்டுக்கும் நிறமே கிடையாது. பிரான்சைச் சேர்ந்த ரிங்கல்மான் 1888இல் வெளியிட்ட சாம்பல்நிற அட்டையும் புகையின் கறுப்பைத்தான் 0 முதல் 5 வரை தரப்படுத்தியது.

நிறமற்ற வாயுவை அளக்க, புகைபோக்கியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து ஒளியை அனுப்பி, எதிர்ச் சுவரில் உள்ள உணரியால் அதைப் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு வாயு மூலக்கூறும் தனக்குரிய அலைநீளங்களை மட்டுமே உறிஞ்சும்: காபனோரொட்சைட்டு ஏறத்தாழ 4.6 மைக்கிரோமீற்றர் செங்கீழ்க் கதிரையும், காபனீரொட்சைட்டு 4.3 மைக்கிரோமீற்றரையும், கந்தகவீரொட்சைட்டு 300 நனோமீற்றர் அளவிலான ஊதாக்கடந்த கதிரையும் எடுத்துக்கொள்கின்றன. எது குறைந்தது என்பது வாயுவின் பெயரையும், எவ்வளவு குறைந்தது என்பது அதன் செறிவையும் சொல்லும். முதல் ஒரு மீற்றரில் பாதி ஒளி உறிஞ்சப்பட்டால், அடுத்த மீற்றரில் எஞ்சியதன் பாதியே போகும்; அதனால்தான் கருவி நேரடிக் கழித்தலை விட்டு மடக்கையில் கணக்கிடுகிறது.

உண்மையான சிக்கல் உமிச் சாம்பலில் இருக்கிறது. பெரும்பங்கு சிலிக்காவான அந்த மெல்லிய தூள் வில்லையில் படிந்தால், வாயு இல்லாமலே ஒளி குறையும். வில்லைக்கு முன்னால் சுத்தமான காற்றை இடைவிடாது ஊதுவது பாதித் தீர்வுதான். மீதியைச் செய்வது, எனக்கு மிகவும் பிடித்த உத்தி: வாயு உறிஞ்சும் அலைநீளம் ஒன்றையும், அதற்கு மிக அருகில், வாயு தொடாத இன்னொன்றையும் சேர்த்தே அளந்து, இரண்டின் விகிதத்தை எடுப்பார்கள். கிரவல் வீதிப் புழுதி, வருகின்ற லொறியின் இரு விளக்குகளையும் ஒரே அளவில் மங்கச் செய்வதுபோல, சாம்பல் இரண்டு அலைநீளங்களையும் ஏறக்குறைய சமமாகவே குறைப்பதால், விகிதத்தில் அது மறைந்து வாயுவின் பங்கு மட்டும் தங்குகிறது. நீராவிக்கு இந்தச் சலுகை இல்லை; அதுவும் ஒரு வாயுவே, செங்கீழ்ப் பகுதியில் பல இடங்களில் உறிஞ்சுவதால் அதைத் தனியே அளந்து கழிக்கவோ, அது குறுக்கிடாத அலைநீளத்தைத் தேடவோ வேண்டும்.

எல்லா வாயுவும் செங்கீழ்க் கதிரில் அகப்படுவதுமில்லை. போருக்கு முன் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவோடு குளோரீனும் உற்பத்தியானது. குளோரீன் மூலக்கூற்றின் இரு அணுக்களும் ஒரே வகையானவை என்பதால், அது அதிரும்போது மின்னேற்றம் எப்பக்கமும் சாய்வதில்லை. ஆகவே செங்கீழ்க் கதிர் அதைக் கவனியாமலே கடந்துபோகும். காற்றின் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் இதே காரணத்தால் அளவீட்டுக்கு இடைஞ்சல் தருவதில்லை என்பது நமக்கு வசதிதான். அத்தகைய ஆலையின் புகைபோக்கியில் குளோரீனைத் தேடுபவர், அது வலுவாக உறிஞ்சும் 330 நனோமீற்றர் அளவிலான ஊதாக்கடந்த விளக்கையே பொருத்த வேண்டியிருக்கும்.