கோரியோகிராஃபி: கூட்டொழுங்கு

சினிமாவில் இது நடன அமைப்பு. வணிக மென்பொருளில், பல நிறுவனங்கள் சேர்ந்து முடிக்கும் ஒரு வேலையில் யார் யாருக்கு எந்தச் செய்தியை எந்த வரிசையில் அனுப்புவது என்ற உடன்பாடு. ஆர்டர், இன்வாய்ஸ், பணம் வந்த தகவல் என்று வாசலைத் தாண்டிப் போவதெல்லாம் இதில் அடங்கும். அலுவலகத்துக்குள் யார் கையெழுத்திட்டார் என்பது அடங்காது.

வேர் கிரேக்கம்: கொரேயா என்றால் குழு நடனம், கிராஃபேன் என்றால் எழுதுதல். 1700-இல் பாரிஸில் நடன ஆசிரியர் ஃபொயே வெளியிட்ட நூல், நடன அடிகளைக் குறியீடுகளால் தாளில் எழுதும் முறைக்கு இப்பெயரைச் சூட்டியது. ஆட்டத்தை அமைக்கும் கலை என்ற பொருள் பின்னால் ஏறியது. கணினித்துறை தெரிந்தோ தெரியாமலோ பழைய பொருளுக்கே போயிருக்கிறது.

ஜோடிச் சொல் ஆர்க்கெஸ்ட்ரேஷன்: ஒரு மையம் மற்றவர்களை இயக்குவது. (ஆர்க்கெஸ்ட்ராவும் கிரேக்க அரங்கில் ஆடுகளம்தான்!) தனித்தனி முதலாளிகளுக்கு நடுவே அப்படியொரு மையம் பெரும்பாலும் கிடையாது. சிக்கல் அங்கேதான்.

பணம் வந்தால்தான் சரக்கு என்கிறார் விற்பவர். சரக்கு வந்தால்தான் பணம் என்கிறார் வாங்குபவர். தனித்தனியே இரண்டும் நியாயம், சேர்த்தால் முட்டுக்கட்டை. கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அடித்தளமிட்ட பெட்ரி வலையில் (நிலைகளையும் நிகழ்வுகளையும் வட்டம், கட்டம், அம்புகளால் காட்டும் கணித வரைபடம்) இதை வரைந்தால், வேலை நின்றுபோகும் இடம் கணக்காகவே வெளிப்படும். இன்னொரு குறை கண்ணில் சுலபமாகப் படாது. ‘வாங்குபவர் வங்கியில் பணம் கட்டியபின் விற்பவர் லாரிக்குச் சொல்ல வேண்டும்’ என்று வரிசை எழுதியிருக்கிறது. பணம் கட்டியது விற்பவருக்கு எப்படித் தெரியும்? எந்தச் செய்தியும் அவரிடம் வரவில்லையே. தாளில் சரியான ஒழுங்கு, நடப்பில் யாராலும் பின்பற்ற முடியாதது. வங்கியிலிருந்து அவருக்கு ஒரு செய்தியைச் சேர்த்தால்தான் தீரும். முறைசார் வழிகளின், அதாவது வடிவமைப்பைக் கணித முறையில் எழுதிச் சோதிக்கும் வழிகளின், முக்கியமான பயன் இதுவே என்பேன்.

2011-இல் வந்த பிபிஎம்என் 2.0 (வணிக வேலைகளின் போக்கை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை) கோரியோகிராஃபிக்கெனத் தனி வரைபடமே வைத்திருக்கிறது.

தமிழில்? ‘நடன அமைப்பு’ என்று தலைப்பிட்ட ஆவணத்தைக் கணக்குப் பிரிவில் யாரும் பிரிக்க மாட்டார்கள். ‘ஒருங்கிணைப்பு’ என்றால் மையம் இருப்பதுபோல் தொனிக்கும். எனவே ‘கூட்டொழுங்கு’ என்கிறேன். எழுதிய வடிவம் ‘கூட்டொழுங்கு வரைவு’. ஆர்க்கெஸ்ட்ரேஷனுக்கு ‘மைய இயக்கம்’ போதும்.