அழுத்த நோயா, குமிழி நோயா?

அக்கா மகனுக்கு 19 வயது. ஸ்கூபா டைவிங் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினோம். முங்கக் கூட்டிப்போகிற இடத்தில் ஒப்புதல் படிவம் ஒன்றை நீட்டினார்கள். தமிழிலேயே இருந்தது, அதுவரைக்கும் மகிழ்ச்சி. பாதிக்குக் கீழே, 'அழுத்த நோய் ஏற்படும் வாய்ப்பு உண்டு என்பதை அறிவேன்' என்று ஒரு வரி. அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள். "டேய், இவனுக்கு ஏதுடா ப்ரஷரு? எனக்குத்தான் இருக்கு. நான் காலையிலயே மாத்திரை போட்டுட்டேன்" என்றாள். அங்கே நின்ற பையன், "அது அந்த ப்ரஷர் இல்லம்மா, இது வேற ப்ரஷர்" என்றான். என்ன வேறு என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்த 'அழுத்த நோய்' என் கண்ணில் படுவது முதல்முறை இல்லை. கடல் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களின் தமிழ்க் குரலில் வருகிறது, கட்டுரைகளில் வருகிறது. டீகம்ப்ரஷன் சிக்னஸ் என்று மருத்துவர்கள் சொல்வதைத்தான் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். சுருக்கியபோது, விலகுவதைக் குறிக்கும் அந்த 'டீ'யைக் கீழே போட்டுவிட்டார்கள். நோயே அந்த 'டீ'யில்தான் இருக்கிறது.

கடல் மட்டத்தில் நம்மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. அங்கே முங்குபவர் சுவாசிக்கும் காற்றும் அதே நான்கு மடங்கு அழுத்தத்தில்தான் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சை விரித்து மூச்சை இழுக்கவே முடியாது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அழுத்தம் கூடக்கூட அது இரத்தத்திலும் கொழுப்பிலும் தசையிலும் கூடுதலாகக் கரையும். கரைந்து கிடக்கும்வரை அதனால் இந்த நோய் கிடையாது. மெதுவாக மேலே வந்தால், கரைந்தது நுரையீரல் வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். அவசரமாக ஏறினால்தான் இருந்த இடத்திலேயே குமிழியாகக் கிளம்பும். கோலி சோடாவைக் குத்தித் திறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. புதுச்சேரிக்காரர்களுக்குப் பாட்டில் திறப்பதைப் பற்றி நான் சொல்லித்தருவது நன்றாகவும் இருக்காது.

குமிழி மூட்டில் வந்தால் தோளும் முழங்கையும் முழங்காலும் விண்விண் என்று வலிக்கும். தோலில் வந்தால் அரிப்பும் திட்டும். தண்டுவடத்தில் வந்தால் கால் மரத்துப் போகும், நடக்க முடியாது, சிறுநீர் கழியாது. பெரும்பாலும் கரையேறிய சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆக, ஆளைப் படுக்கவைப்பது அழுத்தம் விலகிய வேகம். அழுத்தத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி என்ன பயன்?

சரி, சொல்லுக்கு வருவோம். அழுந்து, அழுத்து, அழுத்தம். அழுந்துதல் என்றால் அமுங்குதல் மட்டும் இல்லை, நீரில் ஆழ்வதும்தான். ஈழத்தில் வழங்கும் 'அமுக்கம்' என்பதும் அமுங்கு, அமிழ் என்ற அதே குடும்பம். இரண்டு சொற்களும் தண்ணீருக்குள்ளேயே பிறந்தவை. அந்த வகையில் கடலடிச் சமாசாரத்துக்கு இவற்றைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் 'அழுத்தம்' இன்று மருத்துவமனைக்குக் குடிபோய்விட்டது. இரத்த அழுத்தம் முன்வீட்டில், மன அழுத்தம் மாடியில். மூன்றாவதாக ஒருவரைக் குடிவைத்தால் தபால்காரர் குழம்பத்தான் செய்வார்.

ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பேர் உண்டு: பெண்ட்ஸ். 1870 வாக்கில் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே செயின்ட் லூயிஸ் நகரில் பாலம் கட்டினார்கள். ஆற்றின் அடியில் பெரிய பெட்டியை இறக்கி, தண்ணீர் புகாதபடி அழுத்தக் காற்றை அடைத்து, அதற்குள் ஆட்களை மண் தோண்ட விட்டார்கள். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் வலியில் இடுப்பை வளைத்து நடந்தார்கள். அந்நாளில் சீமாட்டிகள் 'கிரீஷியன் பெண்ட்', அதாவது 'கிரேக்க வளைவு' என்று முன்னால் சாய்ந்து நடப்பது நாகரிகம். அதைக் கிண்டலாக இவர்கள் நடைக்குச் சூட்டினார்கள், பேர் ஒட்டிக்கொண்டது. நியூயார்க்கில் இதே முறையில் கட்டிய புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கே 1872இல் இந்த நோயில் விழுந்து, மீதிப் பாலத்தை வீட்டிலிருந்தபடி கட்டினார். வேலைக்களத்துக்கும் அவருக்கும் நடுவே பாலமாக இருந்தவர் மனைவி எமிலி.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெட்டியின் பேராலேயே கேசோன் நோய் என்றார்கள். கேஸ் என்றால் பெட்டி, கேசோன் பெரிய பெட்டி. கேஷ் என்கிற பணச் சொல்லும் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். உடனே நம் காசுதான் மூலம் என்று யாரும் கிளம்ப வேண்டாம், இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது. குமிழிக்குள் இருப்பது நைட்ரஜன் என்று 1878இல் காட்டியவர் பால் பேர் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர். ஆடுகளை வைத்துச் சோதித்து, எந்த ஆழத்திலிருந்து எத்தனை படியாக ஏறவேண்டும் என்று 1908இல் அட்டவணை போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

இந்தக் கதை தெரியாமல் 'பெண்ட்ஸ்' என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மொழிபெயர்த்ததைப் படித்தேன்: 'அவருக்கு வளைவுகள் வந்தன.' கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் வளைவுகள் வரும், முன்கூட்டியே பலகையும் வைத்திருப்பார்கள். எந்திரம் செய்த வேலை என்று சொல்லித் தப்பிக்கலாம். எந்திரம் செய்ததை ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தானே அச்சுக்கு அனுப்பினார்?

அதைவிட ஆபத்தானது, யோசித்தே செய்ததாகத் தோற்றம் தருகிற 'அழுத்தக் குறைவு நோய்'. 'டீ'யை எப்படியோ உள்ளே கொண்டுவந்துவிட்டதால் இதை ஆதரிப்பவர்கள் நிறைய. எனக்கு இதில் இரண்டு சண்டை. முதலாவது, அக்காவிடம் காட்டினால் 'லோ பிபி' என்பாள். இரண்டாவது பெரியது. குறைவு என்பது ஒரு நிலை, குறைதல் என்பது நிகழ்வு. இரத்தக் குறைவு, சத்துக் குறைவு என்றால் உடம்பில் ஒன்று போதவில்லை என்று பொருள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நமக்கிருப்பதைவிட நன்றாகவே குறைவு. அங்கே தேயிலை பறிப்பவர்களுக்கு இந்த நோய் வருவதில்லையே! நேற்றுக் கடலுக்குள் இருந்துவிட்டு இன்றைக்கு அவசரமாக அங்கே ஏறுகிறவருக்குத்தான் வரலாம். முங்கிய பிறகு விமானம் ஏற 12 மணி நேரமாவது, பல தடவை முங்கியிருந்தால் 18 மணி நேரமாவது பொறுக்கச் சொல்வது இதனால்தான். வார இறுதிக்குப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்து முங்கிவிட்டு அன்று இரவே காரில் திரும்புகிறவர்கள், தங்கள் ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

'அழுத்தத் தாழ்வு நோய்' என்று ஒரு நண்பர் திருத்தம் சொன்னார். அவர் உள்நாட்டுக்காரர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரனிடம் தாழ்வு என்ற சொல்லை இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடாது. மண்டலம் எங்கே, எத்தனையாம் எண் கூண்டு என்று மனசு தானாகக் கேட்கும். அப்புறம் கணக்கையும் பாருங்கள். பெரும்புயலிலேயே காற்றழுத்தம் நூற்றுக்குப் பத்துப் பங்கு இறங்குவது அரிது. 30 மீட்டரிலிருந்து மேலே வருகிறவருக்கு நான்கில் மூன்று பங்கு இறங்குகிறது.

'அமுக்க நீக்க நோய்' என்றும் கண்டேன். பேச்சில் அமுக்கமான ஆள் என்றால் ஊமைக்குசும்பன், தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காருவது அமுக்குவான் பேய். இந்தத் தலைப்பில் ஒரு மந்திரவாதி விளம்பரமே கொடுக்கலாம். 'அழுத்தத் தளர்வு நோய்' மட்டும் பொருளில் குற்றமற்றது. தளர்வு நிகழ்வைச் சொல்கிறது. பாடநூலில் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் படகில் நிற்கிற பையன் அதைச் சொல்லவே மாட்டான்.

என் கட்சி குமிழி நோய். 'குமிழ்' வேண்டாம், அது மரமும் கைப்பிடியுமாக ஏற்கெனவே அலைகிறது. குமிழி என்றால் நீர்க்குமிழி ஒன்றுதான். இளமை நில்லாது, செல்வம் நில்லாது என்று சொல்லவே இதுவரை அதைப் பயன்படுத்திவந்தோம். மருத்துவத்துக்கும் கொஞ்சம் உதவட்டும். குமிழி என்று கேட்டவுடன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்ற படம் மனதில் வந்துவிடும். சோடாவும் கூடவே வரும், மூடியைத் திறப்பதும் வரும்.

ஒரு மறுப்பு இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. மூச்சை அடக்கியபடி மேலே ஏறினால் நுரையீரல் விரிந்து கிழிந்து, காற்று நேரே தமனிக்குள் புகும். அதுவும் குமிழிதான், ஆனால் வேறு விபத்து, நைட்ரஜன் கரைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே பேர் இரண்டையும் குழப்பாதா? குழப்பும். ஆனால் மருத்துவர்களே இரண்டையும் ஒரே பொதுப்பேரில் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள், சிகிச்சையும் ஒன்றே. ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறைக்குள் வைத்துத் திரும்ப அழுத்தி, மெதுவாகத் தளர்த்துவது. அழுத்தமே இங்கே மருந்து! அதை நோயின் பேரில் வைத்தவர்களை என்ன சொல்ல?

இன்னொன்று. சளி கட்டுகிறது, தொண்டை கட்டுகிறது, சீழ் கட்டுகிறது என்று பேசுகிற ஊர் இது. குமிழியும் கட்டும். "அவருக்குக் குமிழி கட்டிக்கிச்சு" என்று ஒரு பாட்டிகூடச் சொல்லலாம். 'அழுத்தக் குறைவு நோய்'க்கு இப்படி ஒரு வினையைக் கட்டிக் காட்டுங்கள், நான் பேனாவை மூடிவிடுகிறேன்.

ஸ்கூபாவைத் தமிழாக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள். அது நீருக்கடியில் மூச்சுவிடும் தன்னிறைவுக் கருவி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பேர், இருந்துவிட்டுப் போகட்டும். இருக்கிற தமிழைச் சரியாகப் பயன்படுத்தினாலே போதும். 'மூச்சடக்கி முங்கினார்' என்று ஸ்கூபா போனவரைப் பற்றி எழுதுகிறார்கள். மூச்சடக்குவது முத்துக்குளித்த காலத்து வித்தை. மேலே இழுத்த மூச்சு ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் ஆழத்திலேயே நுரையீரலை நிரப்புகிறோம். 10 மீட்டரில் நிரப்பியது மேலே வரும்போது இரண்டு மடங்காகும். அங்கே தம் கட்டினால் ஆள் காலி. முதல் பாடமே மூச்சை நிறுத்தாதே என்பதுதான், நம் செய்தித்தாள் அதற்கு நேர்மாறாகச் சொல்லித்தருகிறது.

15 மீட்டர் தண்ணீரில் தாலி கட்டினால் ஆழ்கடல் திருமணம் என்று தலைப்பு. ஆழ்கடல் 200 மீட்டருக்குக் கீழேதான் தொடங்குகிறது. 30 மீட்டரை ஒட்டி நைட்ரஜன் தலைக்கேறிச் சிலருக்குக் காரணமில்லாமல் சிரிப்பும் அசட்டுத் தைரியமும் வரும். அதை 'நைட்ரஜன் மயக்கம்' என்கிறார்கள். மயங்கி விழுந்தால்தான் மயக்கம், இது கிறக்கம். பிரெஞ்சில் ஆழத்தின் போதை என்றே பேர். எல்லாவற்றுக்கும் மேலே அந்த 'ஆக்சிஜன் சிலிண்டர்'. முதுகில் இருப்பது நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்று, அடைத்துவைத்த காற்று. தனி ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வந்து இறக்க நேரிடலாம். காற்று சிலிண்டர் என்று சொல்ல நாக்குக்கு என்ன வலிக்கிறது?

அன்றைக்கு இத்தனையையும் அந்தப் பையனிடம் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. படிவத்தில் நான் அடித்துத் திருத்தியதைப் பார்த்து, "சோடா கம்பெனி பேரு மாதிரி இருக்கு சார்" என்றான். ஆனாலும் அடுத்து வந்த கூட்டத்திடம், "மெதுவா ஏறணும்ணா, நிமிசத்துக்கு 9 மீட்டருக்கு மேல கூடாது. வேகமா வந்தா குமிழி கட்டிக்கும்" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அவன் உள்ளே பார்த்து, "டேய், அந்த ஆக்சிஜன் சிலிண்டர எடுத்துட்டு வாடா" என்று கத்தினான்.