சிறு ஒயினரியில் பணம் எங்கே நிற்கிறது?

மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கத்துச் சிறிய ஒயினரிகளின், அதாவது ஒயின் தயாரிக்கும் ஆலைகளின், கணக்கு வழக்கைப் பார்ப்பது என் தொழில். கழுத்து வரை கடன் வந்த பிறகு கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் ஒயின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வருடக் கடைசியில் லாபம்கூடத் தெரியும். கையில் மட்டும் காசு இருக்காது.

இந்தத் தொழிலில் கொள்முதல் வருடத்துக்கு ஒரு தடவைதான். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை, அப்போதே திராட்சைக்குப் பணம் வேண்டும். செனின் பிளாங்க் மாதிரி வெள்ளை ஒயின் சில மாதங்களில் விற்பனைக்கு வந்துவிடும். ஓக் மரப் பீப்பாயில் வைக்கும் ஷிராஸ் மாதிரி சிவப்பு ஒயின் ஒரு வருடத்துக்கு மேலும் உள்ளேயே இருக்கும். அப்புறம் சரக்கை வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர், பணம் தரக் கேட்கும் தவணை வேறு.

ஒரு உதாரணக் கணக்கு. 50 டன் திராட்சை, டன்னுக்கு 650 லிட்டர் என்றால் 32,500 லிட்டர், சுமார் 43,000 பாட்டில். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் திராட்சைக்கு 25 லட்சம். பாட்டில், கார்க், லேபிள், அட்டைப்பெட்டி சேர்த்து ஒன்றுக்கு 60 ரூபாய் என்றால் இன்னும் 26 லட்சம். இந்த 51 லட்சத்தையும் வருடம் 12 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் மாதம் அரை லட்சம் வட்டிக்கே போகும். சம்பளமும் கோடையில் குளிரூட்டும் மின்கட்டணமும் இதில் சேரவில்லை.

அந்த 26 லட்சத்தை ஒரே நாளில் முடக்க வேண்டியதில்லை. ஆர்டரைப் பார்த்துப் பகுதி பகுதியாக நிரப்பலாம், மீதி டேங்கிலேயே இருக்கட்டும். ஆனால் அடுத்த ஜனவரிக்குள் டேங்க் காலியாக வேண்டும். மிஞ்சும் என்று தெரிந்தால் பாட்டிலில் அடைக்காத மொத்த ஒயினாகப் பெரிய கம்பெனிக்கு விற்க அக்டோபரிலேயே பேசிவிடுங்கள். டிசம்பரில் போனால் உங்கள் அவசரம் வாங்குகிறவருக்குத் தெரியும், விலையும் அதற்கேற்பத்தான் வரும். தன் லேபிளில்தான் எல்லாமே போக வேண்டும் என்ற பிடிவாதம் சின்ன ஒயினரிக்குக் கட்டுப்படியாகாது.

வரியில் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். மது ஜிஎஸ்டிக்குள் வராது. அதனால் பாட்டிலுக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய ஜிஎஸ்டியை ஒயின் விற்பனையில் ஈடுகட்ட முடியாது, அது முழுக்கச் செலவுதான். திட்ட அறிக்கையில் இதைத் தனியாகக் காட்டாத ஆலோசகரை நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான். இன்னொன்று, மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கான 20 விழுக்காடு வாட் (மதிப்புக்கூட்டு வரி) வரியில் 16 விழுக்காட்டை உற்பத்தியாளருக்குத் திருப்பித் தரும் திட்டம். நல்ல திட்டம், ஆனால் அந்தப் பணம் வருடக்கணக்கில் தாமதமான காலமும் உண்டு. வர வேண்டிய தொகை என்று எழுதி வையுங்கள். அதை நம்பி மார்ச் மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

வெளிமாநில ஆசையும் இப்படித்தான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி எக்சைஸ் (கலால்), தனி லேபிள் பதிவு, தனிக் கட்டணம். எட்டு லேபிள், ஐந்து மாநிலம் என்றால் நாற்பது பதிவு! அதில் பாதிக்கு மேல் கட்டணத்தைக்கூடச் சம்பாதித்துத் தராது. லேபிளை மூன்று நான்காகக் குறையுங்கள் என்றால் ஒயின் மேக்கருக்குக் கோபம் வரும். வரட்டும்.

கைக்கு உடனே காசு வருவது தோட்டத்து வாசலில் நடக்கும் விற்பனையில். நாசிக்கின் பெரிய ஒயின் கம்பெனியான சூலா 2005இல் டேஸ்டிங் ரூம், அதாவது ஒயினை ருசி பார்க்கும் கூடம், திறந்தது. மது விளம்பரத்துக்குத் தடை இருக்கும் நாட்டில் நேரில் வந்து ருசிப்பவர்தான் விளம்பரம். டிஸ்ட்ரிப்யூட்டர் கமிஷனும் கடை லாபமும் உங்களிடமே தங்கும். நான்கு மேசை, சுத்தமான கழிப்பறை, விஷயம் தெரிந்த ஒரு ஆள் போதும். கடன் வாங்கி ரிசார்ட் கட்டினால் அது வேறு தொழில். வார நாட்களில் அறைகள் காலியாகக் கிடக்கும், தவணை மட்டும் நிற்காது. கம்பத்தில் பன்னீர் திராட்சை இருக்கிறதே, அங்கே ஆரம்பிக்கலாமா என்று நம் ஊரிலிருந்து கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. இந்த வாசல் வருமானத்தைக் கழித்துவிட்டு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக விவசாயி. புனே மாவட்டத்து நாராயண்காவில் இருந்த ஷாத்தோ இண்டேஜ் ஒரு காலத்தில் நாட்டின் பெரிய ஒயின் கம்பெனி, வெளிநாட்டிலும் கம்பெனிகளை வாங்கியது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் கடனில் விழுந்தபோது விவசாயிகளுக்குத் திராட்சைப் பணமும் நின்றுபோனது. ஒயின் திராட்சையைச் சந்தையில் சாப்பிடுவதற்கு யாரும் வாங்க மாட்டார்கள். பலர் கொடியையே பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போனார்கள். புதுக்கொடி நல்ல மகசூல் தர மூன்று வருடமாவது ஆகும். எனவே முழுத்தொகையையும் அறுவடையில் தர முடியாது என்றால் தவணையையும் தேதியையும் செப்டம்பரில் கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் தவணைக்கான பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள்.