அல்கோன்குயின் போகிறவர்களே, இருட்டமுன் வெளிக்கிடுங்கள்

மூன்று வாரத்துக்குள் இது இரண்டாவது அழைப்பு. என்னிடம் கார் பழகி ஜீ2 லைசன்ஸ் எடுத்த பிள்ளை. ஒன்ராறியோவின் அல்கோன்குயின் பூங்காவில் இருந்து இரவு திரும்பும்போது மூஸில் (மான் குடும்பத்திலேயே ஆகப் பெரிய மிருகம்) மோதிவிட்டார். ஆளுக்குக் கையில் வெட்டுக்காயம் மட்டும். காரைப் போய்ப் பார்த்தேன். பம்பர் நெளிந்ததோடு சரி. முன்கண்ணாடிதான் உள்ளே சரிந்து, கூரை மடிந்து கிடந்தது. உடைந்த கண்ணாடிக்குள் கறுத்த மயிர். "கண் மின்னும் என்றுதானே அண்ணை பார்த்துக்கொண்டு வந்தனான்" என்றார்.

இந்தக் "கண் மின்னும்" கதையைத் தயவுசெய்து விடுங்கள். சாதாரண மானின் கண் ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் நிற்கும், மின்னும். மூஸின் தோளே ஏறத்தாழ 2 மீற்றர் உயரம், கண் அதற்கும் மேலே. லோ பீம், அதாவது ஹெட்லைட்டின் தாழ்ந்த வெளிச்சம், அதன் காலில்தான் விழும். காலோ ரோட்டோரத்து மரத்தண்டு மாதிரி, உடம்போ கறுப்போடு சேர்ந்த மண்ணிறம். பம்பர் காலைத் தட்டிவிட, 400 கிலோ உடம்பு நேரே உங்கள் முகத்துக்கு வரும். தமிழில் "மான்" என்றதும் எல்லோருக்கும் புள்ளிமான்தான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் வகுப்பில் நான் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை.

நெடுஞ்சாலை 60 பூங்காவுக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரே லேன், இருட்டினால் உங்கள் ஹெட்லைட் மட்டும்தான், வேக எல்லை 80. நாலைந்து லேன் உள்ள 401 நெடுஞ்சாலையில் ஓடிப் பழகிய காலுக்கு 80 நடை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் கார் நொடிக்கு 22 மீற்றர் போகும்; கண்டு, பிரேக் பிடித்து, நிற்க 70 மீற்றராவது வேண்டும். லோ பீம் அவ்வளவு தூரம் காட்டாது.

மே, ஜூனில் இன்னும் கவனம். பனிக்காலத்தில் கொட்டிய உப்பு ரோட்டோரக் கானில் தேங்கி நிற்கும். குளிர் முழுக்கக் குச்சி தின்ற மூஸ் அந்த உப்புத் தண்ணீருக்கு வரும்.

எதிரே வாகனம் இல்லையென்றால் ஹை பீம் போடுங்கள். ஒரு மூஸ் கடந்தால் பின்னால் கன்று வரலாம், பொறுங்கள். படம் எடுக்க நடுரோட்டில் நிறுத்தாதீர்கள். பிள்ளையை இறக்கி அதன் பக்கத்தில் விடுவதை நினைக்கவே வேண்டாம். பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பார்பிக்யூ அடுப்பை ஆறு மணிக்கு அணைத்துவிடுங்கள். எப்படியோ இருட்டிவிட்டதா, 60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே போகாதீர்கள். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தால் அகலமான ஓரம் பார்த்து ஒதுங்கி அவரை விடுங்கள்.