காற்றில் போகாத கடவுச்சொல்: கட்டளைவரியில் வைஃபை இணைப்பு

ராஸ்ப்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியைக் கட்டளைவரியிலிருந்து வைஃபையில் இணைக்க இன்று பெரும்பாலும் ஒரே ஒரு கட்டளை போதும். 2023இல் வெளிவந்த புக்வோர்ம் பதிப்பு முதல், அதன் இயங்குதளமான ராஸ்ப்பெரி பை ஓஎஸ் வலையமைப்புப் பணிகளை நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளிடம் ஒப்படைத்திருக்கிறது. அதன் கட்டளைக் கருவியான என்எம்சிஎல்ஐயிடம் வலையமைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் சில நொடிகளில் இணைப்பு கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், அந்த ஒரு வரிக்குள் நடக்கும் வேலைகளில் எது தடைப்பட்டது என்று அறியாமல் அதையே திரும்பத் திரும்ப இடுவதால் பயன் இல்லை.

முதலில் ரேடியோ எழ வேண்டும். இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கர்னலின் இயக்கி, வைஃபை சில்லுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை நினைவக அட்டையிலிருந்து எடுத்துச் சில்லுக்குள் ஏற்றிய பிறகே 'டபிள்யூலேன்0' என்ற பெயரில் வைஃபைக்கான இடைமுகம் கணினியின் வலையமைப்பு இடைமுகப் பட்டியலில் தோன்றும். அது அங்கே இல்லையென்றால், கடவுச்சொல்லைச் சந்தேகிக்கும் கட்டத்துக்கு நாம் இன்னும் வரவில்லை. இடைமுகம் இருந்தும் ரேடியோ பூட்டப்பட்டிருக்கலாம். அதை ஆர்எஃப்கில் என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும். புதிதாக நிறுவிய ராஸ்ப்பெரி பை ஓஎஸ், தான் எந்த நாட்டில் இருக்கிறது என்று சொல்லப்படும்வரை வைஃபையைத் திறப்பதில்லை. இதை வெறும் சம்பிரதாயமாக எண்ணக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பல நாடுகளில் 13 அலைவரிசைகள் வரை புழங்க, அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான் பயன்படுகின்றன. ஆகவே, நாட்டைத் தவறாகக் குறித்துவிட்டால், 13ஆம் அலைவரிசையில் இயங்கும் ரூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் தேடலில் தென்படாமல் போகலாம்.

பலகையிலேயே வைஃபையுடன் 2016இல் வந்த ராஸ்ப்பெரி பை 3, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் கேட்கவே இயலாதது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

ரூட்டரின் பெயர் தென்பட்ட பிறகு நடப்பதுதான் இந்தச் செயல்முறையிலேயே மிக அழகான பகுதி. வைஃபையின் பாதுகாப்பு முறைகளில் ஒன்றான டபிள்யூபிஏ2 முறையில், நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் ஒருபோதும் காற்றில் அனுப்பப்படுவதில்லை. கணினி முதலில் அந்தச் சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்து, ஒருவழிக் கணக்கீடு ஒன்றை 4,096 சுற்றுகள் செய்து, 256 பிட் நீளமுள்ள மூலச் சாவியை உருவாக்குகிறது. ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்து ஊகிக்க முயல்பவருக்கும் ஒவ்வொரு ஊகத்துக்கும் அத்தனை சுற்றுகளின் செலவு ஏற்பட வேண்டும் என்பதே இதன் நோக்கம். பெயரும் சாவிக்குள் கலந்துவிடுவதால், ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் வெவ்வேறு பெயருள்ள இரண்டு ரூட்டர்களின் சாவிகள் ஒன்றாக இரா.

பிறகு நான்கு செய்திகளில் ஓர் உரையாடல் நடக்கிறது. ரூட்டர் ஒரு தற்போக்கு எண்ணை அனுப்புகிறது. கணினி தன் பங்குக்கு இன்னொரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, இரண்டு எண்களையும் இருவரின் வன்பொருள் முகவரிகளையும் மூலச் சாவியுடன் சேர்த்து, அந்த இணைப்புக்கு மட்டுமான புதிய சாவியைக் கணக்கிடுகிறது. தன் எண்ணை ரூட்டருக்கு அனுப்பும்போது, அச்சாவியால் இட்ட முத்திரை ஒன்றையும் உடன் வைக்கிறது. ரூட்டரும் அதே கணக்கைச் செய்து முத்திரையை ஒப்பிடுகிறது. மூன்றாம் செய்தியில் தனக்கும் சாவி தெரியும் என்று நிறுவுகிறது. நான்காவது வெறும் ஒப்புதல். இரகசியத்தை வெளியிடாமலேயே, அது தெரியும் என்பதை இருவரும் நிரூபித்துவிடுகிறார்கள்.

கடவுச்சொல் தவறாக இருந்தால் முத்திரை பொருந்தாது. அப்போது ரூட்டர் 'தவறு' என்று பதில் சொல்வதில்லை. பொருந்தாத செய்தியைப் பேசாமல் ஒதுக்கிவிட்டு, முதல் செய்தியைச் சில முறை மீண்டும் அனுப்பிப் பார்த்து, கெடு முடிந்ததும் தொடர்பைத் துண்டிக்கிறது. சிக்னல் நலிந்து செய்திகள் தொலைந்தாலும் கணினியின் பக்கத்திலிருந்து ஏறத்தாழ இதே காட்சிதான். அதனால்தான் கணினி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேடு, சாவி தவறாக இருக்கலாம் என்று ஊகமாக மட்டும் சொல்கிறது. சிக்னல் கழித்தல் 80 டெசிபெல்-மில்லிவாட் அளவில் இருந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் பலகையை ரூட்டருக்கு அருகே நகர்த்திப் பார்ப்பதே அறிவுடைமை.

சாவி பொருந்திவிட்டாலும், கணினிக்கு வன்பொருள் முகவரி தவிர, வலையமைப்பில் தேவைப்படும் ஐபி முகவரி இன்னும் கிடையாது. அதை, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி நெறிமுறையின்படி கேட்டுப் பெற வேண்டும். பழைய பதிப்புகளில் 169.254 என்று தொடங்கும் முகவரி தென்பட்டால், வைஃபை இணைந்துவிட்டது, முகவரி தர மட்டும் எவரும் முன்வரவில்லை என்று கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் நெட்வொர்க்மேனேஜர் இந்த அமைப்பை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மறுமுறை கணினி இயங்கத் தொடங்கும்போது தானாகவே இணைகிறது. காற்றில் போகாத அந்தக் கடவுச்சொல், இக்கோப்பில் வழக்கமாக உள்ளது உள்ளபடியே கிடக்கும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர் மட்டுமே அதைத் திறக்க முடியும் என்றாலும், நினைவக அட்டையைக் கழற்றி வேறொரு கணினியில் செருகுபவருக்கு அந்தத் தடை பொருந்தாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக, முன்கூட்டியே கணக்கிட்ட மூலச் சாவியை 64 எழுத்துப் பதினறும எண் வடிவில் கொடுத்து வைக்கவும் இடம் உண்டு. அட்டை கைமாறினால் அச்சாவியைக் கொண்டு அந்த ஒரு வலையமைப்பில் நுழையலாம். ஆனால் வேறு இடங்களிலும் நாம் பயன்படுத்தியிருக்கக்கூடிய கடவுச்சொல்லை அதிலிருந்து நேரடியாகப் படித்துவிட முடியாது.