குட்டைக் குழல் ரைஃபிள் கட்டப் போகிறீர்களா? தோட்டாவுக்கு முன்னால் ஃபார்ம் 1

"குட்டைக் குழல் ரைஃபிள் கட்ட இருந்த இருநூறு டாலர் வரி போயிடுச்சு, இனிமே யாரையும் கேட்க வேண்டியதில்லை." அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டார்கள். வரி போனது உண்மை. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். அனுமதி மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கான கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் 1934-ல் வந்தது. ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அது எஸ்பிஆர், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள். வீட்டில் அதைக் கட்ட வேண்டுமானால் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்-க்கு ஃபார்ம் 1 என்ற அனுமதி விண்ணப்பத்தை அனுப்பி, ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் பாகங்களைப் பூட்ட வேண்டும். மீறினால் பத்து ஆண்டுகள் வரை சிறை. பின்னணி இவ்வளவு போதும்.

எல்லோரும் முதலில் கேட்பது எந்தத் தோட்டா, "5.56 நல்லதா, .300 பிளாக்அவுட் நல்லதா" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது: உங்கள் விசா என்ன?

எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசா, எச்-4 துணைவர் விசா, எஃப்-1 மாணவர் விசா எதுவானாலும் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த ஒற்றைச் சீட்டை நம்பி எஸ்பிஆர் கட்டுவதில் இறங்க வேண்டாம், கிரீன் கார்டு வரட்டும் என்பதே என் யோசனை. "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. கையில் எடுப்பதே போதும். ஊரிலிருந்து பி-2 சுற்றுலா விசாவில் வந்த அப்பாவை ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, கூட்டிப்போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, காது மூடியோடு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். கவுண்டரில் இருந்த பையன் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தான், விசாவைக் கேட்கவில்லை. அதனால் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். குற்றத்துக்கான சாட்சியை அவர்களே தேதி போட்டு வெளியிட்டிருக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

உங்களுக்குக் கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்-4 என்றால் பெட்டகத்தின் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். டிரஸ்ட் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்து மனைவியையும் டிரஸ்டியாகச் சேர்க்காதீர்கள். டிரஸ்டின் பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம், தனிப் புகைப்படம், தனிக் கைரேகை வேண்டும். சட்டப்படி தகுதியில்லாத ஒருவர் பெயரை நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரியும் ஆகிவிடும்.

கிரீன் கார்டுக்காரர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஆனால் நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டமே தனியாகச் சொல்கிறது. குடிமகனுக்கு அபராதத்தோடு முடிவது உங்களுக்கு விமான டிக்கெட்டில் முடியலாம். கஞ்சாவும் அப்படித்தான். மாநிலம் அனுமதித்த கடையில் ரசீதோடு வாங்கியிருந்தாலும், கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்று படிவம் கேட்கும் கேள்விக்கு மாநிலச் சட்டம் பதில் ஆகாது.

அடுத்தது மாநிலம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மூன்றிலும் சாதாரண ஆளுக்கு எஸ்பிஆர் கிடையாது. நியூ ஜெர்சியின் எடிசனிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். டெக்சாஸ்காரர்களுக்கு வேறு குழப்பம். அங்கே மாநிலத் தடையை 2025 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். போனது மாநிலத் தடை மட்டுமே. ஃபார்ம் 1 கூட்டாட்சிச் சமாச்சாரம்.

சரி, ஆளும் தகுதி, ஊரும் தகுதி. இனி பெயர். நம்மில் பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்ததால் விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது) என்று வந்திருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருக்கும், வங்கியில் இன்னும் இனிஷியல்தான் ஓடிக்கொண்டிருக்கும். படிவத்தில் ஒன்று, கைரேகை அட்டையில் இன்னொன்று எழுதினால் விண்ணப்பம் நிற்கும். ஏன் நிற்கிறது என்று தெளிவாகச் சொல்லவும் மாட்டார்கள். கிரீன் கார்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் போடுங்கள். அது உங்கள் பெயர் மாதிரியே தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கைரேகைக்கு எஃப்டி-258 என்ற அச்சிட்ட அட்டை. எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்காக மட்டும் நான்கு நாள் அலைந்தார். முதல் அலுவலகத்தில் "செவ்வாய்க்கிழமை மட்டும்தான்". செவ்வாய்க்கிழமை போனால் "வேலை விண்ணப்பத்துக்குத்தான் எடுப்போம், துப்பாக்கிக்கு இல்லை". மூன்றாவது இடத்தில் எடுத்தார்கள். மை அதிகமாகி இரண்டு கட்டைவிரலும் வெறும் கறுப்பு வட்டம். அவர்களைத் திட்டிப் பயனில்லை, எடுத்துத் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. காசு கொடுத்தாலும் தனியார் கைரேகை மையத்தில் மின்னணுக் கோப்பாக வாங்கிவிடுங்கள். இணையவழி விண்ணப்பத்தில் நேராக ஏற்றலாம். உள்ளூர் காவல் தலைமைக்குப் படிவத்தின் நகலை அனுப்ப வேண்டும். அது தகவலுக்கு மட்டும்தான். 2016-லிருந்து அவர்கள் கையெழுத்துத் தேவையில்லை. "ஷெரிஃப் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அவர் பத்து வருடம் பின்தங்கியிருக்கிறார். அஞ்சல் ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தோட்டாவுக்கு வரலாம். படிவத்தில் காலிபர் (எந்த அளவுத் தோட்டா), குழல் நீளம், மொத்த நீளம் மூன்றையும் கேட்கிறார்கள். அதனால் இங்கே தோட்டாவைத் தேர்வது என்பது கூட்டாட்சிப் பதிவேட்டில் போய் உட்காரும் ஒரு எண். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையாவது போடாதீர்கள், எதற்கும் பொருந்தட்டும் என்று "மல்டி" என்றும் எழுதாதீர்கள். உண்மையில் கட்டப்போகும் ஒன்றை எழுதுங்கள்.

5.56 தோட்டா 20 அங்குலக் குழலோடு வளர்ந்தது. 10 அங்குலத்துக்கு வெட்டினால் வேகம் வினாடிக்குப் பல நூறு அடி குறையும், நெருப்பும் சத்தமும் கூடும். .300 பிளாக்அவுட்டைக் குட்டைக் குழலை மனதில் வைத்தே செய்தார்கள். 9 அங்குலத்திலேயே அதன் வெடிமருந்து ஏறக்குறைய எரிந்து முடியும். ஆனால் விலை கூடுதல். ரேஞ்சில் காகிதத்தைச் சுட மட்டும் என்றால் 9 மில்லிமீட்டரே போதும், பர்சும் தப்பிக்கும்.

வேட்டைக்கு என்றால் மாநில வேட்டைக் கையேட்டைப் பார்க்காமல் படிவத்தில் கை வைக்காதீர்கள். வர்ஜீனியாவில் மானுக்கு .23 காலிபருக்குக் குறையக் கூடாது. 5.56-ன் குண்டு விட்டம் .224 அங்குலம், அவ்வளவுதான், வெளியே. .300 அங்கே செல்லும். அதே .300-ஐ ஒஹையோவுக்குக் கொண்டுபோனால் மானுக்குச் செல்லாது. அங்கே நேர்ச்சுவர்த் தோட்டாதான், கழுத்து ஒடுங்கியது கூடாது.

வீட்டில் 5.56 ஒன்று ஏற்கெனவே இருந்து .300 வாங்குகிறீர்கள் என்றால் இது காகிதப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. இரண்டுக்கும் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஒன்றே. .300 தோட்டா 5.56 துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளவும் கூடும். .300-ன் .308 அங்குலக் குண்டு .224 அங்குலக் குழல் துளைக்குள் போக முயன்றால் துப்பாக்கி முகத்தருகே வெடிக்கும். மேகசினுக்கு வேறு நிறம் வாங்குங்கள், இரண்டையும் ஒரே நாளில் ரேஞ்சுக்கு எடுத்துப்போகாதீர்கள்.

குழல் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ஒப்புதலுக்கு முன்பே வாங்கி, வீட்டில் உள்ள ரைஃபிள் பக்கத்தில் வைப்பதும் வம்புதான். பூட்டவே இல்லையே என்பீர்கள். அந்தக் குட்டைக் குழலுக்குச் சட்டப்படியான வேறு உபயோகம் உங்களிடம் இல்லையென்றால், பூட்டியதாகவே வழக்குப் போட இடம் இருக்கிறது. தள்ளுபடி அடுத்த மாதமும் வரும்.

ஒப்புதல் வந்ததும் உங்கள் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் துப்பாக்கியின் உலோகத்தில் 0.003 அங்குல ஆழத்துக்காவது பொறிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே பொறித்த ஒருவர், இனிஷியலை முன்னால் போட்டுப் பொறித்துவிட்டார். ஒப்புதல் நீளமான பெயரில் வந்தது. காகிதத்தைத் திருத்தலாம், அலுமினியத்தை எப்படித் திருத்துவது?

அப்புறம், மாநில எல்லை. எஸ்பிஆரை வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போக 5320.20 என்ற படிவத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும், இரண்டு நாள் பயணமானாலும். பிராஜெக்ட் மாறி வேறு ஊருக்குப் போகிறவர்கள் லாரி பிடிப்பதற்கு முன்னால் அதை அனுப்பிவிடுங்கள். புது வேலை நியூ ஜெர்சியில் என்றால் அனுப்பியும் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே சட்டப்படி விற்கவோ, 16 அங்குலக் குழலைப் போட்டு எஸ்பிஆர் நிலையிலிருந்து இறக்கவோ வழி பாருங்கள். அப்படி இறக்கினாலும் அது அந்த மாநிலத்தில் செல்லுமா என்பது வேறு கேள்வி. அதை அங்குள்ள வழக்கறிஞரிடம் வீட்டு ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.