பார்மேட்டுக்கு முன் மல்டிமீட்டர்: திரும்பத் திரும்ப விழும் கிராபிக்ஸ் டிரைவர்

திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வரும். டிஸ்ப்ளே டிரைவர் நின்றுபோய் மீண்டும் ஓடுகிறது என்று மூலையில் ஓர் அறிவிப்பு. வெயில் காலத்தில் வேலூர், காட்பாடிப் பக்கத்து ஆல்பம் ஸ்டுடியோக்களிலிருந்தும் பிளெக்ஸ் கடைகளிலிருந்தும் சர்வீஸுக்கு வரும் சிபியுக்களில் இது வழக்கமான புகார். கொண்டுவருகிறவர் அதற்குள் மூன்று முறை டிரைவர் மாற்றி, ஒரு முறை பார்மேட்டும் போட்டு முடித்திருப்பார். இரண்டு நாள் ஓடியிருக்கும். மறுபடி அதே கதை.

கிராபிக்ஸ் சிப்பு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பிவிடும். சிப்பு ஏன் அந்த 2 நொடி ஊமையானது என்று பார்க்காமல் டிரைவரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் வேலை முடியாது. ரெஜிஸ்ட்ரியில் இந்த 2-ஐ 8 அல்லது 10 ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. நீளமான ரெண்டரிங் வேலைக்கு அது சரி. சும்மா பிரவுசர் திறந்தாலே விழும் கார்டுக்கு அது காய்ச்சலை அளக்காமல் தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற வேலை.

முதலில், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவண்ட் வியூவர். விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் அமுக்கினால் பட்டியலில் இருக்கும். விண்டோஸ் லாக்ஸ், அதனுள் சிஸ்டம். 4101 என்ற எண் டிரைவர் நின்று மீண்டதற்கான பதிவு. அதே நிமிடத்தில் வேறென்ன பதிவாகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். கெர்னல் பவர் 41 இருந்தால் சிஸ்டம் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருக்கிறது; எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை), யுபிஎஸ் பக்கம் முதலில் போங்கள். ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் டபிள்யூஹெச்இஏ லாகர் 17 வந்து, அது கார்டு இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டைக் காட்டினால், தொடுப்பில் கோளாறா என்று பார்க்க வேண்டும்.

டிரைவரை ஒரே ஒரு முறை, முழுசாகத் துடைத்துப் போட்டுவிடுங்கள். புது டிரைவரை முன்பே டவுன்லோடு செய்து வைத்துவிட்டு நெட்டைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள டிரைவரைச் செருகிவிடும். ஷிப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட், சேஃப் மோடு, பிறகு பழைய டிரைவரை மிச்சமின்றித் துடைக்கும் டிடியு மென்பொருள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட சிஸ்டமானால் ரெகவரி கீ கையில் இருக்கட்டும். முடிந்ததும் ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்வரை ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். ஆல்பம் வேலைக்கு, என்விடியா கார்டென்றால், ஸ்டுடியோ டிரைவர் போதும். வாரா வாரம் அப்டேட் தேட வேண்டியதில்லை.

இதற்குப் பிறகும் விழுந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.

ஸ்லாட் வழியே கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் 150. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரை. ஸ்டிக்கரில் 450 என்று போட்டு, கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி இருப்பதை நம்பி இந்தக் கார்டைப் போடாதீர்கள். கேம் அல்லது ரெண்டர் ஓடும்போது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 4 பின் மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சள் (12 வோல்ட்), கறுப்பு வயர்களில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியதுதான். மோலெக்ஸிலிருந்து 6 பின் ஆக்கும் கன்வெர்ட்டரையும் தூக்கிப் போடுங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் திரை போனால் சந்தேகம் அங்கே.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இன்னொன்று. டேனரிகளில் சோடியம் சல்பைடு புழங்குவதால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைப்பது அதுதான், செம்பையும் விடாது. ஸ்லாட்டில் சொருகும் கார்டின் அடிப்பல்லில் மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. அது தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் செம்பு கறுக்கும், தொடுப்பு விட்டு விட்டுப் போகும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கி, கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நூல் உதிராத துணியை நனைத்துத் துடைத்தால் போதும். ரப்பர் போடுவது நம் ஊர் வழக்கம். மெதுவான வெள்ளை ரப்பரால் ஒரு முறை என்றால் பரவாயில்லை. மை அழிக்கும் நீல ரப்பர் பூச்சையே சுரண்டிவிடும். மறுபடி சொருகும்போது லாக் ‘டக்’கென்று விழ வேண்டும். கனமான கார்டு முனையில் தொங்கினால் முட்டுக் கொடுங்கள்.

சூடு மட்டும் காரணமாவது குறைவு. சிப்பு சுட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் 28 டிகிரி அறையில் 70-ல் நின்ற கார்டு, 38 டிகிரி அறையில் 80-ஐத் தொடும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை வேகமாக ஓட்டும் செட்டிங்) போட்டிருந்தால் அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ரேம் செய்யும் தப்புக்கும் பல நேரம் கிராபிக்ஸ் டிரைவர்தான் பழி சுமக்கிறது.

பழைய கார்டுகளில் என்விடியாவின் ஜிடி 730 ஒரு தொல்லை. ஒரே பெயரில் ஃபெர்மி, கெப்ளர் என்று இரண்டு தலைமுறைச் சிப்புகள் வந்தன. ஃபெர்மிக்குக் கடைசி டிரைவர் 391.35, கெப்ளர் 470 வரிசையோடு முடிந்தது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஜிஎஃப்108-ஆ (ஃபெர்மி) ஜிகே208-ஆ (கெப்ளர்) என்று பார்த்துவிட்டுத்தான் டிரைவர் தேட வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு என்றால் அதே சாளரத்தில் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். காட்டினால் பயாஸை மாற்றிப் பெரிய மாடல் பெயரில் விற்ற கார்டு. அந்தப் பெரிய மாடலின் டிரைவர் அதில் ஓடாது, விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.